மூன்றாம் ஆண்டு

புத்தகம் வந்தது.
அட்டையை உரித்துவிட்டுத் தந்தார்கள்;
கெட்டி அட்டை ஆயுதமாம்.
தோலுரித்த கோழிபோல் கையில் கிடந்தது
புள்ளியியல் ஓர் அறிமுகம்.

பேனா, வளையும் ரப்பர்க் குழல்.
அழுத்தினால் மடங்கிக்கொள்ளும்.
அதனால் நாங்கள் பதினோரு பேரும்
கெஞ்சுவதுபோல் எழுதக் கற்றோம்.

கனடா எல்லைக்கு இந்தப் பக்கம்
ஆறு மாதம் பனி.
செவ்வாயும் வியாழனும் நாற்பது மைல் காரோட்டி வருவார்
பேராசிரியர் லிண்ட்க்விஸ்ட்.
பெல்ட்டைக் கழற்றி, காலணியைக் கழற்றி,
எந்திரம் மறுபடி கத்த, கொண்டை ஊசியையும் கழற்றி
கலைந்த தலையோடு வந்து நின்று
"சராசரி என்றால் என்ன?" என்பார்.
"பதினெட்டு வருஷம், மேடம்" என்றான் ஓர்வில்.
அவரும் சிரித்துவிட்டார்.

ஒருநாள் கரும்பலகையில் ஓர் அட்டவணை:
விடுதலையானவர்களில் திரும்பி வந்தவர்கள் இத்தனை விழுக்காடு,
உள்ளே படித்தவர்களில் இத்தனை.
எல்லோரும் போட்டோம். விடை சரி.
ஒருவரும் கை தூக்கவில்லை.
கணக்குக்குள் உட்கார்ந்துகொண்டு கணக்குப் போடுவது
தன் முதுகைத் தானே சொறிவது மாதிரி.
எட்டாத இடம் ஒன்று
இருந்துகொண்டே இருக்கும்.

வாசலில் நிற்கும் காவலர் லாஃப்லின் சொன்னார்,
என்னிடம் அல்ல, சுவரிடம்:
"நர்ஸ் படிப்புக்கு என் மகள் முப்பதாயிரம் டாலர் கடன்காரி.
எவனையாவது சுட்டிருந்தால்
இனாமாகக் கிடைத்திருக்கும்."
பதில் என்னிடம் இல்லை.
அட்டை இல்லாத அந்தப் புத்தகத்திலும் இல்லை.

அவன் பெயர் டோமாஸ் ரெசெக்.
பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை.
கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் விரித்த புத்தகம்.
பார்த்தேன்.
என்ன புத்தகம் என்று பார்க்கவில்லை.
நீதிமன்றத்தில் அவன் அம்மா சொன்னாள்:
"இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான்."
அவனுக்கு இருபது. எனக்குப் பத்தொன்பது.

முதல் ஆண்டும் இரண்டாம் ஆண்டும்
பனியில் அவன் பதித்துப்போன தடங்களில்
கால் வைத்து நடந்ததுபோல் நடந்தேன்.
தேர்வுக்கு முந்தைய இரவு வயிறு கலக்கினால்
அவனுக்கும் கலக்கியிருக்கும் என்பேன்.
'சி' வாங்கினால்
அவன் 'பி' வாங்கியிருப்பான்.

மூன்றாம் ஆண்டு, முதல் வகுப்பு.
கம்பி ஜன்னலுக்கு வெளியே
முற்றம் முழுக்க இரவில் விழுந்த புதுப்பனி.
காக்கைத் தடம்கூட இல்லை.
அன்று நான் பேனாவைத் திறக்கவில்லை.
"உடம்பு சரியில்லையா, டீக்?" என்றார் லிண்ட்க்விஸ்ட்.
ஆமாம் என்றேன்.
அடுத்த வியாழக்கிழமை திறந்தேன்.
அதைப் பற்றிச் சொல்ல
இவ்வளவுதான் இருக்கிறது.

ஜூன் மாதம்.
உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள்.
பச்சைச் சீருடைமேல் கறுப்பு அங்கி.
தொப்பியின் குஞ்சங்களை எண்ணித் தந்தார்கள்,
குஞ்சம் கயிறு, கயிறு ஆபத்து.
அலோன்சோ ரேமண்ட் டீக், என்று வாசித்தார் டீன்.
என் முழுப்பெயரை ஒருவர் உரக்க வாசித்தது
இதற்கு முன் ஒரே ஒரு முறை.
அப்போதும்
எழுந்துதான் நின்றேன்.

ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தாள் தங்கை இவெட்.
பட்டத்தை உள்ளே வைத்துக்கொள்ள அனுமதியில்லை.
"எந்தச் சுவரில் மாட்ட?" என்றாள்.
சுவர் வேண்டாம்.
உன் சமையலறை இழுப்பறையில் போடு,
கரண்டிகளோடு கிடக்கட்டும்.

கூட்டம் கலைந்த பிறகு
குஞ்சங்களைத் திரும்ப எண்ணினார் லாஃப்லின்.
பத்து. மறுபடி எண்ணினார்.
ஒன்று இன்னொன்றோடு சிக்கிக்கொண்டிருந்தது.
"எனக்குக் கணக்கு எப்போதும் உதைக்கும்" என்றார்,
முதல் முறையாக என் முகம் பார்த்து.

மகள் பாஸாகிவிட்டாளா என்று கேட்க வாயெடுத்தேன்.
மணி நான்கு.
வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.
எங்களை எண்ணத் தொடங்கினார்.